வெள்ளக்கடைக்குப் போன வீடியோ

ஆகஸ்ட் 3, 2023, வியாழன்

வீடியோவைச் சுருக்கும் வேலை எண்பத்தொரு சதவீதத்தில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கடை லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. அது தெரிந்தும் மழை நாளில் ஆரம்பித்தது என் தப்பு. மறுபடி முதலிலிருந்து. நான்கு நிமிடம் இருபது விநாடி ஓடுகிற வீடியோ, போனில் எடுத்தபடியே 610 எம்பி இருக்கிறது. அதை அப்படியே ஏற்றினால் ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலேயே ஓடாது. மாரமங்கலத்தில் எங்கே ஓடும்?

மாரமங்கலத்துக்காகத்தான் இதெல்லாம். போன மாதம் அங்கே ஒரு அம்மா காலை ஆறு மணிக்கு மௌத்தானார். இறந்தவர் பெண் என்றால் மையித்தைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். இந்தப் பக்கத்தில் அது தெரிந்தவள் இப்போதைக்கு நான் ஒருத்தி. கூட வந்துகொண்டிருந்த அக்கா, தன் மகளோடு சேலத்துக்குப் போய்விட்டார். எனக்கு அன்று நல்ல காய்ச்சல். இவர் என்னைப் போர்வையோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தபோது அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. வீடு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கும் தெரியவில்லை. தெரியாததால் தொடப் பயம். அந்த அம்மா காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்துக் கிடந்தார்.

அதனால்தான் செய்து காட்டி எடுத்தேன். பழைய பெட்ஷீட்டில் ஆளுயரத்துக்கு ஒரு பொம்மை தைத்து இலவம் பஞ்சு அடைத்தேன். முகம் வரையவில்லை. என் முகமும் வராமல் கை மட்டும் தெரிகிற மாதிரி போனை ஜன்னல் கம்பியில் கட்டினேன். பிடிக்க ஆளில்லை, ஆகவே செல்ஃபி கேமரா. கை படத்துக்குள் இருக்கிறதா என்று வேலை செய்துகொண்டே பார்த்துக்கொள்ளலாம். இது என் சொந்த யோசனை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து இவர் வந்து சொன்னது: ஜமாத் செயலாளர் சாதிக் பாஷா சம்மதம் கொடுத்துவிட்டார். தொழுகை நேரம் போட நான் உண்டாக்கிய ஜமாத் இணையப் பக்கத்திலேயே வீடியோவையும் போடலாம். நிபந்தனை மூன்று. முகம் கூடாது. மணிக்கட்டுக்கு மேல் கை தெரியக் கூடாது. பெண் குரல் கூடாது. யாராவது ஒருவர் புகார் சொன்னாலும் எடுத்துவிட வேண்டும் — அதைச் சேர்த்தால் நான்கு.

முதல் இரண்டும் ஏற்கெனவே அப்படித்தான். குரல்தான் இடித்தது. நான் முழுக்கப் பேசிக்கொண்டே செய்திருக்கிறேன். இது பெண்களுக்காகப் பெண் சொல்வதுதானே என்று இவரிடம் கேட்டேன். "வந்தவரைக்கும் லாபம் பரிதா. பேசறதை எழுதிப் போட்டுடு" என்றார்.

சரி. சத்தத்தை நீக்கிவிட்டேன். அதில் நான்கு எம்பி மிச்சம். அல்லாஹ் எதிலும் ஒரு லாபம் வைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பதை இங்கேயும் எழுதுகிறேன், தொலைந்தால் மறுபடி கண்டுபிடிக்க முடியாது.

பெரிய அளவு — 46 எம்பி. நடு அளவு — 20. சின்ன அளவு — 8.5, விநாடிக்குப் பதினைந்து படம்.

மூன்றையும் ஆறு ஆறு விநாடித் துண்டுகளாக வெட்டிப் பக்கத்தில் வைக்க வேண்டும். பார்க்கிறவர் போன், தன் சிக்னலுக்கு எது தாங்குமோ அந்தத் துண்டைத் தானே எடுத்துக்கொள்ளும். சிக்னல் ஏறினால் தெளிவு ஏறும், இறங்கினால் மங்கலாகும், ஆனால் நிற்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினோரு நாள் ஆனது. படித்ததெல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை.

சிக்னலே இல்லாத ஊடுகளுக்கு? (வீடு என்று எழுத வந்தேன். இருக்கட்டும்.) அவர்களுக்காகச் சின்ன அளவை ஒரே கோப்பாகக் கீழே வைக்கிறேன். அதைத் தட்டினால் போனில் இறங்கிவிடும். ஒரு தடவை இறக்கிவிட்டால் பிறகு நெட்டே வேண்டாம். ஒருவர் மற்றவருக்கு அனுப்பவும் செய்யலாம்.

ஆகஸ்ட் 9, புதன்

லேப்டாப்பைத் திறக்கவில்லை. இட்லிக்கு அரைத்தேன். கடைக்கு மிளகு ஏழு மூட்டை வந்தது, புடைத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

பிஸ்மில்லாஹ் சொல்லி ஏற்றிவிட்டேன்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஜெராக்ஸ் கடை மேனகாவிடம் போனேன். அவளிடம் ரிப்பேருக்கு வந்த போன்கள் ஒரு டப்பா நிறைய இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்து பார்த்தோம். ஏழில் ஆறு ஓடியது. ஏழாவதில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது போனே சரியில்லை என்றாள்.

பார்த்து முடித்துவிட்டு, "ஊரெல்லாம் ரீல்ஸ் போட்டு ஆடுதுங்க. நீங்க மொத மொத ஒரு வீடியோ போட்டீங்க, அதுல சவத்தக் குளுப்பாட்றீங்களேக்கா" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு பொம்மைக்குக் கால் விரல் தைத்ததைக் கவனித்துவிட்டு, நொம்ப நல்லாயிருக்குங்க என்றாள். அவள் இந்து என்றாலும் இதன் அவசரம் அவளுக்குப் புரிந்தது. கடைசியில் எல்லாருக்கும் தண்ணீர்தான்.

செப்டம்பர் 2, சனி

பக்கத்தைத் திறந்தவர்கள் 61. கோப்பை இறக்கியவர்கள் 17.

செப்டம்பர் 19, செவ்வாய்

திறந்தவர்கள் 140. இறக்கியவர்கள் 33. சேலத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து துஆ செய்தார். மாமியாருக்கு இதைப் பார்த்துத்தான் கபன் துணி வெட்டினார்களாம். கபன் பற்றி எழுத்தில்தான் போட்டிருக்கிறேன், வீடியோ இல்லை. அதையும் எடுக்கச் சொன்னார்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை எண்ணிக்கையைப் பார்க்கிறாய் பரிதா? இன்று எட்டு முறை. ளுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தும் ஒரு முறை. இது பெருமை இல்லாமல் வேறென்ன. இனி விடியற்காலை ஃபஜருக்குப் பிறகு ஒரே முறை.

அக்டோபர் 18, புதன்

இரண்டு நாளாக விடாத மழை. வெள்ளக்கடைப் பாதையில் மரம் விழுந்து, மேலே மண் சரிந்திருக்கிறது. காலையில் வெள்ளக்கடை ஹசீனாவிடமிருந்து போன். பக்கத்து வீட்டுச் சுமையாவின் அம்மா மௌத்து. இன்னாலில்லாஹி. சுமையா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டருக்கு உதவியாக இருக்கிற பெண். தாயும் மகளும் மட்டும்தான் அந்த வீட்டில்.

இவர் ஜீப் கேட்டுப் பார்த்தார். யாரும் வரவில்லை. பைக்கும் போகாது, நடந்தும் போக முடியாது என்று பாதையில் நின்றவர்களே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹசீனாவைப் போனில் பிடித்து, பக்கத்தைத் திறந்து கோப்பை இறக்கிக்கொள் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. லைன் போய்விட்டது. பிறகு எத்தனை அடித்தும் கிடைக்கவில்லை.

தொழுகை விரிப்பை விட்டு எழாமல் முஸல்லாவிலேயே உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய முடியும்.

அஸருக்குப் பிறகு மெசேஜ் வந்தது. "முடிஞ்சதுங்கக்கா. வீடியோ எங்கயும் நிக்கல."

நிற்கவில்லை. எட்டரை எம்பி. இரண்டு ரக்அத் தொழுதேன். மாரமங்கலத்து அம்மா அஸர் வரை கிடந்தார். சுமையாவின் அம்மா அஸருக்குள் அடக்கமாகிவிட்டார். இதற்குத்தானே எடுத்தது.

அக்டோபர் 21, சனி

பாதை திறந்ததும் துக்கம் கேட்க இவருடன் பைக்கில் போனேன். சுமையா என் கையைப் பிடித்து, "உங்களாலதானுங்கக்கா அம்மாவ நல்லபடியா அனுப்ப முடிஞ்சுது" என்றாள். கிளம்பும்போது ஹசீனா சாலை வரை வந்தாள். எவ்வளவு பயமாக இருந்தது, யார் யார் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள், இதையும் சொன்னாள்:

"மையித்துக்கு இடது கையாலதான் ஊத்தணும்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாதுங்கக்கா. உசுரோட இருக்கறவங்களுக்கு எல்லாம் வலது, மௌத்தானவங்களுக்கு எல்லாம் இடது போலன்னு பேசிக்கிட்டோம். பழக்கமில்லாத கையா, ரெண்டு வாட்டி சொம்பக் கீழ போட்டுட்டேன்."

தலையை ஆட்டினேன். பைக்கில் ஏறிவிட்டேன்.

நான் எங்கே இடது கையால் ஊற்றினேன்? ஒருநாளும் இல்லை. வலது கையில் சொம்பு, இடது கையால் தேய்ப்பது. உடம்பின் வலப்பக்கம் முதலில். என் கை அது, எனக்குத் தெரியாதா —

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ஐந்து முறை பார்த்தேன். ஆமாம். இடது கை ஊற்றுகிறது. பொம்மையின் இடப்பக்கம் முதலில் நனைகிறது. நீக்குவதற்கு முன் இருந்த, என் குரலோடு உள்ள மூலப் படத்தையும் போட்டேன். என் குரல் "வலது பக்கத்துலேர்ந்து" என்று தெளிவாகச் சொல்கிறது. படத்தில் இடது.

யா அல்லாஹ். என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்.

அக்டோபர் 22, ஞாயிறு

மேனகா கடையில் டூரிஸ்ட் கூட்டம். கூட்டம் கலையும்வரை நின்றேன். ஒரே கேள்விதான் கேட்டாள்.

"செல்ஃபி கேமராவுலயா எடுத்தீங்க?"

என் போனை வாங்கி, மேசையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டி இரண்டு விநாடி எடுத்தாள். போட்டுக் காட்டினாள். எழுத்தெல்லாம் திரும்பியிருந்தது. சில போன்களில், கண்ணாடியில் தெரிகிற மாதிரியே பதிவாகும்படி ஒரு அமைப்பு உண்டாம். என் போனில் அது ஆனில் இருந்திருக்கிறது. "ஒரு எழுத்து படத்துல இருந்திருந்தா அன்னிக்கே கண்டுபுடிச்சிருப்போமுங்க" என்றாள்.

எழுத்து ஒன்றும் இல்லை. எல்லாம் வெள்ளைத் துணி. முகம் இல்லை. குரலும் இல்லை. நான் எத்தனையோ முறை பார்த்தும் தெரியாமல் போனதற்குக் காரணம், தினம் கண்ணாடியில் அப்படித்தானே என்னைப் பார்க்கிறேன். ஏழு போனில் ஓட்டிப் பார்த்தோம். நிற்கிறதா என்றுதான் பார்த்தோம். என்ன ஓடுகிறது என்று பார்க்கவில்லை.

பக்கத்தின் கீழே "வலப்புறம் முதலில்" என்று எழுத்தில் இருக்கிறது. ஆனால் கோப்பை மட்டும் இறக்கியவர்களுக்கு எழுத்து போகாது. அதை நான்தான் ஒரே கோப்பாக, நெட் வேண்டாம் என்று செய்து வைத்தேன்.

சாயங்காலம் படத்தை இடம் வலமாகத் திருப்பி, மறுபடி மூன்று அளவிலும் மாற்றி, அதே பெயரில் ஏற்றிவிட்டேன். ஒரு மணி நேர வேலை. பக்கத்தைப் பார்க்கிறவருக்கு மாற்றம் நடந்ததே தெரியாது.

தெரியாது. அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஃபஜரில் இரண்டாவது ரக்அத்தா மூன்றாவதா என்று சந்தேகம். ஃபஜருக்கு இரண்டுதான், மூன்றாவது ஏது.

அக்டோபர் 24, செவ்வாய்

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் மேனகாவின் கம்ப்யூட்டரில் காய்ந்திருந்தது. அவள் போனில் பக்கத்தைத் திறந்தால் பழைய படமே ஓடுகிறது. ஒரு முறை பார்த்த படத்தைப் போன் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. பெயர் ஒன்றாக இருந்தால் புதிதாக எடுக்காது. வேறு பெயர் வைத்திருக்க வேண்டும். வைத்தேன். பக்கம் சரியாகிவிட்டது.

இறக்கியவர்கள் 38. அந்த முப்பத்தெட்டுப் போனுக்குள் என்னால் நுழைய முடியாது. அவர்கள் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 25, புதன்

இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் முன்னிலையில் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்துக்குப் போன் செய்தோம். நடந்ததை ஒன்றும் குறைக்காமல் சொன்னேன்.

உடம்பு முழுக்கத் தண்ணீர் பட்டிருந்தால் குளிப்பு கூடிவிடும், செல்லும் என்றார். வலதில் தொடங்குவது சுன்னத்து, நபி காட்டிய வழி, ஆனால் கட்டாயம் இல்லை. தெரியாமல் மாறிப்போனதற்குக் குளிப்பாட்டியவர்கள் மேல் குற்றமில்லை, மையித்துக்கும் குறைவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அவர்களுக்கு அதில் செய்ய ஒன்றும் இல்லை, ஆனால் தவறான படம் இன்னும் கையில் இருக்கிறது என்றால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்றார்.

போனை வைத்ததும் இவர் சொன்னது: "கூடிடுச்சுன்னு ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு. அந்தப் புள்ள நிம்மதியா இருக்குது. நீ போயி எதுக்குக் கிளறணும்? சாதிக் பாஷா காதுக்குப் போச்சுன்னா பக்கத்தையே மூடிருவாங்க. அப்புறம் மாரமங்கலம் பழையபடிதான்."

இவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

அக்டோபர் 27, வெள்ளி

மாரமங்கலத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஒரு முறைகூட நான் பேசியதில்லை. "உங்க வீடியோ எங்க எல்லாத்து போன்லயும் இருக்குதுங்க. வெள்ளக்கடையில இருந்து அனுப்புனாங்க. இனிமே பயமில்லீங்க" என்றாள்.

அது பழைய படம். ஹசீனா போனிலிருந்து போனது.

உடனே அழிக்கச் சொன்னேன், புதியதை இறக்கச் சொன்னேன். ஏனுங்க என்று கேட்டாள். தெளிவு போதாது, மாற்றியிருக்கிறேன் என்றேன்.

பொய். ஜும்ஆ நாளில்.

கணக்கு நோட்டில் ஒரு தொகை தப்பாக எழுதிவிட்டால், பக்கத்தைக் கிழிக்க மாட்டேன். கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, தேதி போடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இதில் மட்டும் கிழித்துவிட்டு, புதுப் பக்கம் ஒட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளக்கடைக்குப் போகிறேன். சுமையாவுக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு அறிவிப்பு எழுத முடியாது. ஊரில் படித்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது.

அக்டோபர் 29, ஞாயிறு

போய் வந்தேன்.

ஹசீனாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு பேரிடமும் ஒன்றாகச் சொன்னேன். செல்ஃபி கேமரா, திரும்பிய படம், நான் பார்க்காமல் விட்டது. ஹஜ்ரத் சொன்னதையும் சொன்னேன், கூடிவிட்டது என்று. ஹசீனா தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுமையா கேட்டாள்:

"அப்போ அம்மாவோட வலது கைய நாங்க கடைசியாத்தான் கழுவுனோமுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அந்தக் கையிலதான் எனக்குச் சோறு ஊட்டுனாங்க."

ஹசீனா அவளைத் தொடப் போனாள். சுமையா தள்ளிவிட்டாள். என்னைப் பார்த்து, "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க" என்றாள். குரல் உயரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுக்குச் சரி என்று பட்டதைச் சொன்னாள். எனக்குச் சரி என்று பட்டதை நான் செய்தேன். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது. இருந்தாலும் வழி நெடுக இவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

பக்கத்தின் மேலேயே எழுதிவிட்டேன். பெரிய எழுத்தில்:

"அக்டோபர் 24க்கு முன் இறக்கிய குளிப்பாட்டும் வீடியோவில் வலது இடது மாறியிருக்கிறது. தவறு என்னுடையது. அதை அழித்துவிட்டு, யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கும் சொல்லுங்கள். அதைப் பார்த்துக் குளிப்பாட்டியவர்கள் கவலைப்பட வேண்டாம், குளிப்பு கூடும் என்று ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். — பரிதா, ஏற்காடு."

மாரமங்கலத்துப் பெண்ணுக்குப் போன் செய்து, அன்று சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் சாதிக் பாஷா கடைக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. கமிட்டி கூடிப் பேசும்வரை வீடியோவை எடுத்துவிடச் சொன்னார். அறிவிப்பு மட்டும் இருக்கட்டும் என்று கேட்டேன். அதற்கு ஒப்புக்கொண்டார். மூன்று அளவையும், கீழே இருந்த கோப்பையும் எடுத்துவிட்டேன். இப்போது பக்கத்தில் தொழுகை நேரமும் என் தப்பும் இருக்கின்றன.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. மேனகா அதிரசம் கொண்டுவந்தாள். வீடியோ என்ன ஆச்சு என்றாள். எடுத்தாச்சு என்றேன். "செஞ்ச தப்பை நீங்களே ஊருக்குச் சொன்னா அப்படித்தானுங்க ஆகும்" என்றாள். பிறகு அவளே, "ஆனா எனக்கு யாராச்சும் ஏதாச்சும் சொல்லித் தரணும்னா உங்ககிட்டதான் வருவேன்" என்றாள்.

நவம்பர் 14, செவ்வாய்

சுமையாவிடமிருந்து போன்.

நலம் விசாரிக்கவில்லை. நேராகக் கேட்டாள். "மறுபடி எடுக்கப் போறீங்களா?"

கமிட்டி விட்டால் எடுப்பேன் என்றேன்.

"போனை யாரு புடிப்பாங்க?"

ஜன்னலில் கட்டுவேன், இந்த முறை பின்பக்கக் கேமரா என்றேன். வேண்டாம், நான் வந்து பிடிக்கிறேன் என்றாள். அதோடு விடவில்லை. குரல் இல்லாமல் எடுக்கக் கூடாது என்றாள். அன்றைக்கு அந்தப் படத்தில் குரல் இருந்திருந்தால், கை ஒன்று செய்ய வாய் ஒன்று சொல்ல, அவர்களே நின்று யோசித்திருப்பார்களாம்.

அதை நான் எப்படி இதுவரை யோசிக்கவில்லை? நான்கு எம்பி லாபம் என்று எழுதி வைத்தேன். ஆகஸ்ட் நாலாம் தேதி.

ஜமாத் ஒத்துக்கொள்ளாது கண்ணு என்றேன். "அவங்ககிட்ட நான் பேசிக்கறேனுங்க" என்றாள்.

நவம்பர் 24, வெள்ளி

பேசிவிட்டாள். இவர் நேரில் கேட்டு வந்து சொன்னது. அம்மாவின் நாற்பதாம் நாளுக்கு முன் சாதிக் பாஷா வீட்டுக்குப் போய், அவர் மனைவியையும் உட்காரவைத்துக்கொண்டு, "அடுத்தது உங்க ஊட்டுலயும் ஒரு நாள் தேவைப்படுமுங்க மாமா. அன்னிக்கு ஊமைப்படம் வேணுமா, வெவரமா ஒருத்தி சொல்றது வேணுமா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி சொல்லிவிட்டாராம்.

கமிட்டி முடிவு: பெண் குரல் இருக்கலாம், பெண்களுக்கு மட்டும் என்று மேலே எழுத வேண்டும். போடுவதற்கு முன் ஹஜ்ரத்தின் வீட்டம்மா முழுவதும் பார்க்க வேண்டும். இரண்டும் நல்ல நிபந்தனைகள். முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டியவை.

டிசம்பர் 2, சனி

எடுத்தோம். சுமையா பஸ்ஸில் வந்தாள். பொம்மையின் வலது மணிக்கட்டில் ஒரு பச்சை நூல் கட்டினாள். பார்க்கிறவருக்கு எந்தப் பக்கம் வலது என்று சந்தேகமே வரக் கூடாதாம். நான் பேசிக்கொண்டே செய்ததில் வரிகள் தவறின. இரண்டு முறை நிறுத்தினோம். கடைசியில், நீ படி என்று, சொல்ல வேண்டியதை எழுதிய தாளை அவளிடமே கொடுத்துவிட்டேன். போனைப் பிடித்தபடி அவளே சொன்னாள். கைகள் என்னுடையவை, குரல் அவளுடையது.

"இப்ப வலது கை. விரல் இடுக்குல தண்ணி போகட்டும்" என்ற இடத்தில் மட்டும் படம் ஒரு நொடி ஆடுகிறது. திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

நாங்கள் பழைய விஷயம் எதுவும் பேசவில்லை. சாப்பிட்டாள். ரசம் இரண்டு முறை கேட்டு வாங்கினாள்.

டிசம்பர் 8, வெள்ளி

குரலோடு சின்ன அளவு 9.6 எம்பி. பேச்சு மட்டும்தான், பாட்டு இல்லை. அதனால் சத்தத்தை நன்றாகவே இறுக்க முடிந்தது. பெயரில் தேதியும் சேர்த்தாயிற்று, இனிப் பழையது புதியது குழம்பாது. ஹஜ்ரத் வீட்டம்மா இரண்டு முறை பார்த்து ஒரு இடத்தில் எழுத்தைத் திருத்தினார். மேனகா, இந்த முறை டப்பாவில் இருந்த ஒவ்வொரு போனிலும் கண்ணை எடுக்காமல் முழுக்கப் பார்த்தாள். ஏற்றியாயிற்று.

ஜனவரி 11, 2024, வியாழன்

காலை எட்டுக்கு மாரமங்கலத்திலிருந்து செய்தி. இளம்பெண், பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு. அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். பனி அதிகம், எதிரே வருவது தெரியவில்லை. பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. கற்பூரமும் இலந்தை இலையும் பையில். போய்ச் சேரும்போது பத்தே முக்கால்.

பின்கட்டில் புடவையால் மறைப்பு கட்டியிருந்தார்கள். உள்ளிருந்து குரல் கேட்டது. "இப்ப வலது கை. விரல் இடுக்குல தண்ணி போகட்டும்." எங்கள் வீடியோ. தெளிவாகக் கேட்கிறது, எங்கும் தடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே புடவையை விலக்கினேன்.

போன் எங்கும் இல்லை. சுமையா பலகைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள், முட்டி வரை நனைந்து. வெள்ளக்கடையிலிருந்து செய்தி கேட்டதுமே ஹசீனாவோடு கிளம்பி வந்துவிட்டிருக்கிறாள். சொம்பு வலது கையில். சுற்றிலும் அந்த ஊர்ப் பெண்கள் நான்கு பேர், அவள் சொல்லச் சொல்லச் செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி அந்த மாரமங்கலத்துப் பெண். குரலை வைத்து அடையாளம் தெரிந்தது.

சுமையா என்னை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து இடம் விடவில்லை. "தண்ணி ஆறிடுச்சுங்கக்கா, கொஞ்சம் சூடு பாத்து ஊத்துங்க" என்றாள்.

அடுப்பிலிருந்து மொண்டு, முழங்கையில் விட்டுப் பார்த்து, கொடுத்தேன்.